சார்ஜ் ஏறும் வரை

அச்சங்குளம் பக்கத்துப் பட்டாசு ஆலை ஒன்றில் வெடி விபத்து நடந்து ஏழு மாதமாகிறது. அங்கே வேலை பார்த்த பொன்னுத்தங்கத்தின் அறைக்கு அடுத்த அறைதான் இடிந்தது. அவளுக்கு உடம்பில் காயம் இல்லை. காது மட்டும் போய்விட்டது. மகள் பிரீத்திகா தன் டேப்லெட்டில் ஓர் ஆப் போட்டுக் கொடுத்தாள். எதிரே இருப்பவர் பேசினால் அது எழுத்தாகத் திரையில் ஓடும். அன்றிலிருந்து பொன்னுத்தங்கம் அதைக் கீழே வைப்பதே இல்லை.

காதைச் சோதிக்க விருதுநகருக்கு இது மூன்றாவது நடை. சிவகாசியில் காலண்டர் டிசைன் செய்யும் பிரீத்திகா மறுபடியும் லீவு போட்டிருந்தாள். பஸ்ஸிலேயே சார்ஜ் இறங்கி, ஆஸ்பத்திரிக்கு வரும்போது எட்டு சதவீதம். வராந்தாவில் இருந்த ஒரே பிளக்கில் சொருகிவிட்டு இருவரும் அங்கேயே தரையில் உட்கார்ந்தார்கள். அவர்களுடைய டோக்கன் நாற்பத்தொன்று. இருபத்தைந்துதான் உள்ளே போயிருந்தது.

முக்கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் பத்து சதவீதம்தான். ஏறுகிற சார்ஜை எல்லாம் திரையும் மைக்கும் தின்றுகொண்டிருந்தன. அணைத்து வைத்தால்தான் ஏறும், டாக்டர் பேசும்போது வேண்டுமே என்றாள் பிரீத்திகா. அதைத் திரையில் படித்த பொன்னுத்தங்கம் டேப்லெட்டை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

"இதை அமத்திட்டா எல்லாரும் சும்மா வாயை அசைக்கிற மாதிரி இருக்கு தாயி. பயமா இருக்கு."

தன் சத்தம் தனக்குத் தெரியாததால் உரக்கச் சொல்லிவிட்டாள். வராந்தாவே திரும்பிப் பார்த்தது. களைத்துப்போன பிரீத்திகா சுவரில் தலையைச் சாய்த்தாள். மகளின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்த பொன்னுத்தங்கம், தானே டேப்லெட்டை அணைத்தாள்.

"நீ செத்த நேரம் கண்ணை மூடு. நான் பாத்துக்கிறேன்."

கூப்பிடுகிற நம்பர் காதில் விழாமல் எப்படிப் பார்த்துக்கொள்வாள் என்று நினைத்தபடியே பிரீத்திகா தூங்கிப்போனாள்.

பொன்னுத்தங்கம் எழுந்து, ஒவ்வொருவரிடமும் சைகையால் கேட்டு டோக்கனைப் பார்த்தாள். தங்களுக்கு முந்தின நாற்பது, மஞ்சள் பை வைத்திருந்த ஒருவரிடம் இருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தவள் அவர் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவர் எழுந்து உள்ளே போனதும் மகளை உலுக்கினாள். அப்போது சார்ஜ் முப்பத்தொன்று.

சோதனை முடிந்து டாக்டர் பேசியது முழுவதும் திரையில் வந்தது. இடது காது இனி கேட்காது. வலது காதில் கொஞ்சம் மிச்சமிருக்கிறது, மெஷின் வைக்கலாம், வியாழக்கிழமை அளவெடுக்க வர வேண்டும். பொன்னுத்தங்கம் இரண்டு தடவை படித்தாள்.

"எம் மக பேசுறது கேக்குமா?"

பக்கத்தில் இருந்து பேசினால் கேட்கும் என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும், வியாழக்கிழமைக்கு யாரிடம் எப்படி லீவு கேட்பது என்று பிரீத்திகா யோசித்தாள்.

"நான் தனியா வந்துக்கிறேன். நீ வேலைக்குப் போ" என்றாள் பொன்னுத்தங்கம்.

பிரீத்திகா சரி என்று தலையாட்டினாள். இருவரும் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மெதுவாக நடந்தார்கள்.