இலைக்குள் வைத்தது

மோர்ச்சோற்றின் கடைசி உருண்டை உள்ளே போனதும் ராமசுப்ரமணியன் சுற்றுமுற்றும் பார்த்தார். பாங்கைக் கொள்ளையடிக்கப் போகிறவன்கூட அவ்வளவு எச்சரிக்கையாகப் பார்க்க மாட்டான். பிறகு அவருடைய இடது கை சட்டைப் பைக்குள் போய் ஒரு நாணயத்தோடு திரும்பி வந்தது. முருங்கைக்காய்ச் சக்கைக்கும் கறிவேப்பிலைக்கும் நடுவே அந்த நாணயம் உட்கார, உட்கார்ந்த கையோடு வாழையிலை மேலிருந்து கீழாக மடிந்து அதை மூடிக்கொண்டது. பக்கத்து நாற்காலியில் இருந்த ஞானசிகாமணியைத் தவிர பூலோகத்தில் வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை. ஞானசிகாமணி மட்டும் தினமும் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துவிட்டு, மிளகாயைக் கடித்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்.

பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த அந்தச் சைவ ஓட்டலின் ரசத்துக்கு ஒரு கியாதி உண்டு. டாக்டர்கள் கைவிட்ட ஒருவரின் மூக்குக்கு நேரே ஒரு டம்ளர் ரசத்தைக் காட்டியதும், அவர் எழுந்து உட்கார்ந்து இலை எங்கே என்று கேட்டாராம். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கே நாற்காலிகளுக்குப் பின்னால் அடுத்த பந்திக்கு ஆள் நின்றுவிடும். அப்படி ஒருவர் நாற்காலிக்குப் பின்னால் மற்றவர் நின்று பழக்கமானவர்கள்தான் இந்த இருவரும். ராமசுப்ரமணியன் செக்ரட்டேரியட்டில் செக்ஷன் ஆபீசராக இருந்து ரிட்டயரானவர், வலியசாலைக்காரர். மனைவி போய்விட்டாள். மகள் அமெரிக்காவில். வீட்டு அடுப்பை அவர் பாலைப் பொங்கவிட்டு அணைப்பதற்கு மட்டுமே பயன்படுத்தினார். ஞானசிகாமணி பாறசாலைப் பக்கத்துக்காரர், கரண்டாபீசில் ஓவர்சியராக இருந்தவர், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் மற்றவர்களுக்கு ராகம் தப்பும்படி பாடக்கூடிய குரல் வளம் உடையவர். இவருக்கு வீட்டில் சமைத்துப் போட ஆள் உண்டு. ஆனாலும் பென்ஷன் காரியம், பல் காரியம் என்று ஏதாவது சொல்லிவிட்டு பஸ் ஏறி வந்துவிடுவார்.

இலைக்குள் வைக்கும் அந்த நாணயம் பரிமாறுகிற வன்னியபெருமாளுக்கு. அதில்தான் இரண்டு பேருக்கும் தீராத வழக்கு. கையில் கொடுத்தால் பிச்சை, இலைக்குள் வைத்தால் மரியாதை என்பது ராமசுப்ரமணியன் கட்சி. வாங்குகிறவன் கொடுத்தவன் முகத்தைப் பார்க்க வேண்டாம், கும்பிட வேண்டாம், இளிக்க வேண்டாம். இதை அவர் ஒரு சர்க்கார் உத்தரவு மாதிரி உட்பிரிவுகளோடு விளக்குவார். அமெரிக்காவில் டிப்ஸ் வைக்காமல் எழுந்து வந்தால் வாசல்வரை துரத்திக்கொண்டு வந்து கேட்பார்கள் என்று மகள் போனில் சொன்னதையும் சேர்த்துக்கொள்வார். ஞானசிகாமணிக்கு டிப்ஸும் லஞ்சமும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். முதலாளி சம்பளத்தை ஒழுங்காகக் கொடுக்க வேண்டும், சாப்பிட்டவன் பில்லைக் கொடுக்க வேண்டும், அதற்கு மேல் கொடுப்பது இரண்டு பேரையும் கெடுக்கும். "எனக்க சர்வீசுல ஒருத்தன் கரண்டு கம்பத்துக்க மூட்டுல ஒரு கோழிய கெட்டிப் போட்டுட்டுப் போனான். அது டிப்பா, லஞ்சமா? சொல்லும் வேய்" என்று கேட்பார். கோழியை என்ன செய்தார் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்.

வழக்கு அப்படியே ஆண்டுக்கணக்கில் ஓடியிருக்கும். ஒரு நாள் வன்னியபெருமாள் வழக்கம்போல ராமசுப்ரமணியனின் இலையருகே வந்து நின்று, வழக்கம்போலக் குனிந்து, "சாமி, இன்னும் ரெண்டு கரண்டி ரசம் விடட்டா? போதுமா?" என்று கேட்டான். சங்கரன்கோயில் பக்கத்திலிருந்து வந்தவன். எண்ணெய் வழிய வாரின தலையும் தோளில் ஒரு துண்டும் உண்டு. மற்றவர்கள் இலையில் சோற்றை மண் லாரி கொட்டுவதுபோலக் கொட்டிவிட்டு ஓடுகிறவன், இவர் இலையருகில் மட்டும் நின்றுவிடுவான். பொரிந்த பப்படமாகப் பார்த்து வைப்பான். அவியலில் சேனை வராமல் பார்த்துக்கொள்வான். ராமசுப்ரமணியனுக்கு நாள் முழுக்க யாராவது 'போதுமா' என்று கேட்பது அந்த ஒரு தடவைதான். அவன் நகர்ந்ததும் ஞானசிகாமணி சாவகாசமாகச் சொன்னார்:

"அவன் உம்மகிட்ட கேக்கேல்ல சாமி. உமக்க துட்டுகிட்ட கேக்கான்."

முருங்கைக்காய் நார் பல்லிடுக்கில் மாட்டியதுபோல அந்தச் சொல் மாட்டிக்கொண்டது. ராமசுப்ரமணியன் அதை நாக்கால் துழாவிக்கொண்டே வலியசாலைவரை நடந்து போனார். இருக்காது என்று ஆரியசாலை முக்கில் முடிவு செய்தார். இருக்கலாம் என்று அடுத்த திருப்பத்தில் மாற்றிக்கொண்டார். வீட்டுக் கதவைத் திறக்கும்போது பயம் போய் வேறொன்று வந்திருந்தது. ஆபீசில் சிக்கலான ஃபைல் வந்தால் வருமே, அந்தப் பழைய அரிப்பு. உண்மை என்னவாகத்தான் இருக்கும்? கண்டுபிடிக்க வழி ஒன்றே ஒன்று. நாணயத்தை நிறுத்திப் பார்ப்பது. நிறுத்தியதும் அவன் நின்று கேட்பதும் நின்றுபோனால் இத்தனை காலமும் தன் இலைக்கு மேல் குனிந்தது யார் என்று தெரிந்துவிடும். தெரிந்த பிறகு சாப்பாட்டுக்கு எங்கே போவது என்பதுதான் தெரியவில்லை.

முதல் நாள் வெறும் இலையை மடித்துவிட்டு, கொலை செய்துவிட்டு வெளியேறுகிறவர் மாதிரி வெளியேறினார். மறுநாள் போய் உட்கார்ந்தபோது சோறு விழுந்த சத்தத்திலேயே கோபம் கேட்டது அவருக்கு. சோற்றுக் குவியலின் உயரத்தைக் கண்ணால் அளந்தார். சாம்பாரில் கத்தரிக்காய் எத்தனை, போன வாரம் எத்தனை என்று யோசித்தார். வன்னியபெருமாளின் புருவத்தை அவர் பார்த்த பார்வையில் ஒரு கல்யாணத் தரகர் தோற்றுப் போவார். அவன் வந்தான், நின்றான், குனிந்தான். "சாமி, ரசம்?" மூன்றாம் நாளும் அப்படியே. அடுத்த வாரம் ரசத்தோடு தயிரில் கலந்த பைனாப்பிள் கிச்சடியும் கேட்காமலே இரண்டாம் முறை விழுந்தது. ராமசுப்ரமணியன் ஆராட்டு யானை மாதிரி அசைந்து அசைந்து தெருவில் நடந்தார். எதிரே வந்த ஆட்டோக்கள் ஒதுங்கிப் போயின என்றால் நீங்கள் நம்ப வேண்டும்.

வெற்றியைத் தனியாக வைத்துக்கொள்ள முடியுமா? ஒரு சனிக்கிழமை, இலையில் உட்கார்ந்தபடியே ஞானசிகாமணியிடம் எல்லாவற்றையும் போட்டு உடைத்தார். "நிறுத்தியாச்சாக்கும். ரெண்டு வாரம். ஒரு மாற்றமும் இல்லே, கேட்டேளா? அவன் என்னைத்தான் கேக்கறான்."

ஞானசிகாமணி விடுகிற ஆளா? சாட்சியையே கூப்பிட்டு விசாரித்துவிடலாம் என்றார். ராமசுப்ரமணியன் தொடையில் கிள்ளித் தடுத்தும் கேட்காமல், வன்னியபெருமாளை அருகே அழைத்து, சாமி தினமும் வைக்கிற துட்டு இப்போது வருவதில்லையே, மனசில் வருத்தம் உண்டா என்று கேட்டேவிட்டார்.

வன்னியபெருமாள் ரசவாளியை இடுப்பில் முட்டுக் கொடுத்து நின்றான். "எந்தத் துட்டு?"

"இலைக்குள்ள வைப்பாரே, அது."

"சாமியா?" அவனுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான். "சாமி குடுக்க மாட்டாவன்னு அடுக்களை வரைக்கும் தெரியுமே. இந்தச் சாரு மாதிரித்தான். அதுக்கென்ன, குடுக்காதவிய எத்தனையோ பேரு."

ஞானசிகாமணி சிரித்த சிரிப்பில் தொங்கிக்கொண்டிருந்த விசிறி தானாகச் சுற்றியது. இரண்டு பேரும் இத்தனை வருஷமும் ஒரே கஞ்சப் பட்டியலில் இருந்திருக்கிறார்கள். ராமசுப்ரமணியன் சிரிக்கவில்லை. அவருக்குக் காரியம் அப்போதுதான் விளங்கத் தொடங்கியது. சாதக் கரண்டியைத் தொடுகிற கை எச்சில் இலையைத் தொடாது. பந்தி எழுந்ததும் பின்கட்டிலிருந்து வேறொரு ஆள் வந்து இலைகளை வாரிக்கொண்டு போகும். இது அந்த ஓட்டலில் மட்டுமா வழக்கம்? அவர் பிறந்த தெருவில் பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். சோறு தொட்டால் பத்து பார்த்து, எச்சில் பார்த்து, கை அலம்பியே தோல் உரிந்த குடும்பத்தில் பிறந்தவர், பரிமாறுகிறவன் வந்து தன் எச்சில் இலையைப் பிரித்துப் பார்ப்பான் என்று எப்படி நம்பினார்?

சரி, நாணயங்கள் எங்கே போயின? அந்தக் கேள்வி அவர் மனதில் எழுந்து முடிவதற்குள் பதிலே அலுமினியத் தொட்டியோடு எதிர்வரிசையில் வந்து நின்றது. முத்தாரம்மாள். பணகுடிக்காரி, தலையில் துண்டு கட்டிய மெலிந்த மனுஷி. எதிர்வரிசை எழுந்து போயிருந்தது. அவள் இலைகளை வாரித் தொட்டியில் போடாமல், ஒவ்வொன்றையும் மேசையிலேயே பிரித்து, உள்ளே பார்த்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். கல்லாவில் இருந்த மேனேஜர் அழகியநம்பி, இலையில் என்ன ஜாதகமா எழுதியிருக்கு என்று அங்கிருந்தே அதட்டினார். அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. வன்னியபெருமாளிடம் மட்டும் மெல்லச் சொன்னாள்.

"பிள்ளையாரு தாறத நிப்பாட்டிட்டாரு அண்ணாச்சி. நான் என்ன குத்தம் செஞ்சேன்னு தெரியல."

பின்கட்டில் மாட்டுக்காரனுக்கு இலையை ஒதுக்கும்போது தினமும் ஒரு நாணயம் விழுமாம். மறந்து போனது என்று முதலில் நினைத்தாளாம். சட்டையில் மறப்பான், மேசையில் மறப்பான், மடித்த இலைக்கு உள்ளே எவன் துட்டை மறப்பான்? அதுவும் தினமும்? அப்படியானால் கொடுப்பது மனுஷன் இல்லை. கோயில் பக்கத்திலேயே இருக்கிறது, கொடுக்கிறவர் யாரென்று தெரியவும் இல்லையா? வந்ததை எடுத்து அவருக்கே தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தாள். மகள் வயிற்றில் ஒன்றும் தங்காமல் இருந்து, இந்த முறை தங்கி, ஒன்பதாம் மாதம். இப்போது போய் நின்றுவிட்டதே.

ராமசுப்ரமணியன் வாயைத் திறந்தார். அது நான்தான் என்ற வாக்கியம் பல் வரைக்கும் வந்துவிட்டது. மேசைக்கு அடியில் ஞானசிகாமணியின் செருப்புக்கால் அவர் கணுக்காலில் இடித்தது. அந்த வலியோடு அவர் வாயை மூடிக்கொண்டார். பிள்ளையாரை வாழ்நாளில் ஏறெடுத்துப் பார்க்காத ஞானசிகாமணி, தொண்டையைச் செருமிக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார்.

"லீவுல போயிருப்பாரும்மா. மெடிக்கல் லீவு. ரெண்டு நாளுல ஜாயின் பண்ணிருவாரு."

அவள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். தொட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சோறு ஆறிப்போயிருந்தது. ராமசுப்ரமணியன் அதில் விரலால் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். துட்டுக்காக இல்லை என்பது நிரூபணமாகிவிட்டது. துட்டே போய்ச் சேரவில்லை என்பதால் நிரூபணமே இல்லாமலும் போயிற்று. கஞ்சன் என்று அடுக்களைவரை தெரிந்த ஒருவனுடைய இலைக்கு மேல் எதற்காக ஒருத்தன் குனிவான்? கேட்காவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது. தாழ்ந்த குரலில், பக்கத்தில் நின்றவனிடம் கேட்டார்.

"பின்னே எதுக்கு வன்னியபெருமாள், என் இலைகிட்ட மட்டும் வந்து நிக்கறே?"

வன்னியபெருமாள் கல்லாப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குனிந்தான்.

"சாமி மெதுவா சாப்பிடுவிய. ரசம் வேணுமான்னு கேட்டா யோசிச்சுத்தான் சொல்லுவிய. அதுவரைக்கும் மேனேஜர் என்னைய வேற பந்திக்கு வெரட்ட மாட்டாரு. காலுக்கு அம்புட்டுத்தான் ஓய்வு."

ஞானசிகாமணி இந்த முறை சிரிக்கவில்லை. தன் இலையைப் பார்த்தார். அவர் சாப்பிடுகிற வேகம் ஊரறிந்தது. ரயிலுக்குப் போகிறவன் மாதிரி அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார். அவர் பக்கத்தில் ஒரு நாளும் யாரும் நின்றதில்லை.

திங்கட்கிழமை கூட்டம் வழக்கத்தைவிட அதிகம். ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் இரண்டு பேர். ராமசுப்ரமணியனின் சட்டைப் பையில் நாணயம் இருந்தது. அதை வன்னியபெருமாள் கையில் கொடுப்பதா, இலைக்குள் வைப்பதா என்று தெருவெல்லாம் யோசித்தும் முடிவாகவில்லை. அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, ஞானசிகாமணி தன் இலையை மடித்தார். ஏதோ ஒரு அவசரத்தில், யாருக்கும் முதுகு காட்டாத மாதிரி முதுகைக் காட்டிக்கொண்டு, இடது கையை எங்கோ கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்து மடித்தார். மடித்த இலை நடுவில் லேசாக மேடிட்டு நின்றது. "என்ன வேய் பாக்கியரு? சாப்பிடும்" என்றார். கை அலம்ப எழுந்து போகவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தார்.

வன்னியபெருமாள் ரசவாளியோடு வந்து நின்றான். "சாமி, ரசம்?"

ராமசுப்ரமணியன் வாளிக்குள் பார்த்தார். மிளகும் மல்லித்தழையும் மெதுவாகச் சுற்றி வந்துகொண்டிருந்தன. நல்ல ரசமா இது, என்ன பருப்பு, இன்றைக்குத் தக்காளி கூடுதலோ என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பின்னால் நின்றவர்கள் முனகினார்கள். கல்லாவிலிருந்து அழகியநம்பி தலையை நீட்டிப் பார்த்தார். வேண்டும் என்றும் சொல்லாமல், போதும் என்றும் சொல்லாமல், ராமசுப்ரமணியன் ஒரு சோற்றுப் பருக்கையை எடுத்து வாயில் போட்டு மென்றார். வன்னியபெருமாள் சுவரில் லேசாகச் சாய்ந்து, வலது காலைத் தூக்கி இடது புறங்கால் மேல் வைத்துக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்துக் காலை மாற்றினான்.