மலைமேல் ஏறிய ஏரியல்

இலங்கை மலைநாட்டில், அக்கரப்பத்தனை பஜாரில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த நூர்தீன், அமெச்சூர் வானொலி லைசென்ஸ் எடுத்து இரண்டு வருஷமாகியிருந்தது. கடையின் பின்னறையில், தானே கட்டிய கருவியில் மோர்ஸ் தந்திக்குறி தட்டுவார். மெட்ராஸ்காரர் கேட்பார், பம்பாய்க்காரர் கேட்பார். இந்தியாவைத் தாண்டி ஒருவருக்கும் எட்டியதில்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து ஒருவர் மாலைதோறும் ஆசியாவைக் கூப்பிடுகிறார் என்று மெட்ராஸ் நண்பர் சொன்னதிலிருந்து, அந்த மனிதரை எட்டிவிட வேண்டுமென்று அவருக்கு ஒரே வெறி.

கூரையில் மூங்கில் நட்டு ஏரியல் கம்பி கட்டினார். பிறகு அதைவிட நீளமான மூங்கில். பலனில்லை.

"மூங்கில்ல என்னங்க குத்தம்?" என்றாள் மனைவி அசீசா. மோர்ஸ் கேட்பதில் அவள் காது அவருடையதைவிடக் கூர்மை. "மேக்கால பாருங்க, மலை செவரு மாதிரி நிக்குது. தூரத்துக்குப் போற அலை தாழத்தான் கிளம்பும்னு நீங்கதானே சொன்னீங்க? அது மலையில போய் முட்டுது."

மலைக்கே போவதென்று முடிவாயிற்று. அந்த மலை இருந்த தேயிலைத் தோட்டத்துத் துரையிடம் அனுமதி வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை கருவியையும் லொறி பேட்டரியையும் சுமந்து ஏறினார்கள். தேயிலை ஃபேக்டரி எலக்ட்ரீஷியன் அழகனும் கூட வந்தார். உச்சியில் காற்று ஆளையே தள்ளியது. அதற்குப் பயந்து நூர்தீன் கம்பியைத் தேயிலைச் செடிகளை ஒட்டி, இடுப்பளவில் கட்டினார்.

ஹெட்போனை மாட்டியிருந்த அசீசா துள்ளினாள். "டர்பன்! கூப்பிடுறாருங்க!"

நூர்தீன் தட்டினார். பதில் இல்லை. மறுபடி தட்டினார். டர்பன் வேறு யாருக்கோ பதில் சொன்னது.

"அவரு சத்தம் வருது, நம்ம சத்தம் போகல. கம்பி தரையோட கெடந்தா அலை நேரா வானத்துக்குத்தான் போகும்," என்று நூர்தீன் நொந்தார்.

"அப்ப தூக்கிருவோம் பாய்!" மலை விளிம்பில் நின்ற யூகலிப்டஸ் மரத்தில் அழகன் அதற்குள் பாதி ஏறியிருந்தார். கம்பி உச்சிக்குப் போயிற்று. மரத்துக்கு அப்பால் மேற்கே நிலமே இல்லை, ஒரே சரிவு.

"மரம் நாப்பதடிதான். ஆனா இந்தப் பள்ளமும் சேந்தா அலைக்குக் கோபுரம்!" நூர்தீன் கருவிக்கு முன் குனிந்து உட்கார்ந்தார். தட்டினார்.

அசீசா கண்ணை மூடி, கையை உயர்த்தினாள். "நம்ம அழைப்புக்குறி... நம்மளதாங்க! ரொம்பத் தெளிவா கேக்குதாம். எந்த ஊருன்னு கேக்குறாரு!"

ஊர்ப் பெயரை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார் நூர்தீன். இன்னொரு முறை சொல்லச் சொன்னார் டர்பன்காரர். இவரும் சந்தோஷமாக மறுபடி தட்டினார். மரத்திலிருந்து அழகன் போட்ட கூச்சலில் கீழே தோட்டத் தொழிலாளர் லயத்துச் சனங்கள் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார்கள்.

டர்பன் விடைபெற்றதுதான் தாமதம், நைரோபி கூப்பிட்டது. அது முடிவதற்குள் அதன் மேலேயே மொரீசியஸ்.

அசீசா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "ஒவ்வொருத்தரா வரச் சொல்லுங்க!"