ஆறாவது ஆள்

அஸர் தொழுது பக்கீர் வீட்டுக்கு வந்ததும் மகள் றிபா இளஞ்சூட்டு நீரில் மூன்று கரண்டி சத்துமாவைக் கரைத்து நீட்டினாள். கட்டாரிலிருந்து மகன் மிஹ்லார் அனுப்பும் மா. கல்சியக் குளிசைகளும் கூடவே வரும்.

பக்கீருக்கு எழுபத்திரண்டு வயது. சீனி வருத்தத்தோடு பல் முரசும் பழுதாகி, இரண்டு வருடத்துக்குள் எல்லாப் பற்களும் போய்விட்டன.

“மகள், பல்லுக் கட்ட ஆசுபத்திரிக்குப் போகணும். அப்னாட கலியாணத்துக்கு இன்னம் மூணு மாசம் கிடக்கு.”

“அதுக்கு நாலஞ்சு தரம் போகணுமாம் வாப்பா. உங்கட மருமகனுக்கு எங்க நேரம்? இந்த மாவில எல்லாச் சத்தும் இரிக்கிதானே.”

தொலைபேசியில் மிஹ்லாரும் அதையே சொன்னான். “மா முடிஞ்சா சொல்லுங்க வாப்பா. இன்னம் நல்ல சாமானா அனுப்புறன்.”

பக்கீர் கேட்டது சத்தை அல்ல. பேத்தி அப்னாவின் கலியாணத்தில், மாப்பிள்ளை வீட்டாரோடு முதல் சஹனில் உட்கார வேண்டும். ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர். அதில் ஒருவராக இருக்க வேண்டும்.

ஆனால் அடுத்த மாதமே ஒரு கந்தூரி விருந்தில், மெல்ல முடியாத இறைச்சித் துண்டை வாயிலிருந்து எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டார். அதே தட்டில் எதிரே இருந்த இருவர் முகம் சுளித்துப் பாதியில் எழும்பினார்கள். றிபாவின் கணவன் சியாம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கலியாணத்தன்று சியாம் றிபாவிடம் சொன்னான்: “உன்ட வாப்பா அறைக்குள்ளயே சாப்பிடட்டும். சம்மந்தக்காரருக்கு முன்னால மானம் போயிரும்.”

றிபா சத்துமா டின்னை எடுத்தாள். அன்றைக்கு மட்டும் ஒரு கரண்டி கூடுதலாகக் கரைத்தாள்.

முதல் சஹனில் ஐந்து பேர் உட்கார்ந்தார்கள். பக்கீரின் பால்ய கூட்டாளி சரீப் சோற்றில் கை வைக்கவில்லை.

“பக்கீர் எங்க தம்பி?”

“மாமாக்குச் சுகமில்ல” என்ற சியாம், ஆறாவது ஆளாக வேன் சாரதியைக் கூப்பிட்டு உட்கார வைத்தான்.

சரீப் எழும்பி அறைக்குப் போனார். புதுச் சாரன், தொப்பி, அத்தர் வாசம். கையில் சத்துமாக் கிளாஸோடு பக்கீர் கட்டிலில் இருந்தார்.

“என்னடா, பால்குடி மறக்காத புள்ள மாதிரி இரிக்காய்!”

பக்கீர் கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். “நீ போடா, சோறும் ஆணமும் ஆறிரும்.”

“என்ட வாயிலயும் ஒண்டும் சொந்தமில்லடா. இது கட்டுப்பல்லு. என்ட மகன் அஞ்சு தரம் சைக்கிள்ல ஏத்திட்டுப் போனான்.”

சரீப்பைத் தேடி வந்த சியாமும் றிபாவும் வாசலில் நின்றார்கள். சரீப் அவர்கள் பக்கம் திரும்பினார்.

“முரசில ரெத்தம் வந்த நேரமே காட்டியிருந்தா அரைவாசிப் பல்லாவது மிஞ்சியிரிக்கும். மாவும் குளிசையும் குடுங்க, வேணாமெண்டு சொல்லல்ல. ஆனா அதக் குடுத்தாப்போல கடமை முடிஞ்சிராது. சத்து வயித்துக்கு மட்டும்தான். மனிசன் மனிசரோட இருந்து தின்னோணும்.”

சியாம் பக்கீருக்கு முன்னால் தலையைக் குனிந்தான். “நாளைக்கே கூட்டிட்டுப் போறன் மாமா.”

பக்கீர் கிளாஸைக் கீழே வைத்தார்.

“போவம் மகன். ஆனா அப்னாட கலியாணம் இண்டைக்கு.”