உடன்பிறந்த தம்பி என்று எழுதுங்கள்

ஊராட்சித் தலைவராக இருந்த ஐந்து வருடத்தில், ‘எழில்மொழி அவர்களே’ என்று மைக்கில் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. என் காது ஏங்கியது வேறொன்றுக்கு. தம்பி என்னை ‘அக்கா’ என்று கூப்பிட்டுப் பதினோரு வருடம் ஆகியிருந்தது.

அப்பா விட்டுப்போன நிலம் மூன்று மா, ஏறக்குறைய ஒரு ஏக்கர். பெண்ணுக்கும் பங்கு உண்டு என்று கேட்டேன். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று ஊரும் எனக்காகப் பேசியது. ஒன்றரை மா என் பெயருக்கு வந்தது. தம்பி அறிவுச்செல்வன் என்னை விட்டுப் போனான். “இனிமே எனக்கு அக்காவே கெடையாது” என்று டீக்கடையில் நின்று சொன்னானாம். நானும் ரோஷக்காரி, போய்க் கேட்கவில்லை. என் வீட்டுக்கும் அவன் வீட்டுக்கும் நடுவே ஒரு வாய்க்கால்தான்.

அவன் மகள் குந்தவை வயதுக்கு வந்த செய்தியே எனக்கு ஒலிபெருக்கியில்தான் வந்தது. நான் நாற்று முடியைக் கையில் வைத்துக்கொண்டு வயலில் நின்றேன். “அத்தை மொறைக்கு மொத தண்ணி ஊத்த வாங்க” என்று மைக்கில் கூப்பிட்டார்கள். யாரோ ஒருத்தி போய் ஊற்றினாள். அன்றைக்கு நான் நட்ட வரிசையெல்லாம் கோணல். நடவாட்கள் கேலி செய்தார்கள், நானும் சிரித்து வைத்தேன்.

நான் தலைவராக இருந்தபோது ஓர் ஐப்பசியில், அரசு வீட்டுத் திட்டத்தில் எங்கள் ஊராட்சிக்கு ஏழு வீடு வந்தது. ஆறு வீட்டுக்கு ஆள் முடிவாகிவிட்டது. ஏழாவதற்கு இரண்டு மனு. ஒன்று வேம்புவுடையது, புயலில் ஒரு பக்கச் சுவர் விழுந்து, சேலையைக் கட்டி மறைத்துக் குடியிருந்தாள். இன்னொன்று என் தம்பியுடையது. அவன் வீட்டுக் கூரை மூன்று வருடமாக மாற்றாத கூரை. உறுப்பினர்கள் ஆறு பேர். இங்கே மூன்று, அங்கே மூன்று என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. முடிவு என் ஓட்டில் நின்றது.

பதவி ஏற்ற புதிதில் தஞ்சாவூரில் பயிற்சி கொடுத்தார்கள். சொந்தக்காரர் விஷயம் வந்தால் உறவைச் சொல்லி, தீர்மான நோட்டில் எழுத வைத்து, எழுந்து வெளியே போய்விட வேண்டும் என்றார்கள். மத்தியானம் பிரியாணி போட்டதால் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். நான் தூங்கித் தொலைக்கவில்லை.

கூட்டத்தன்று காலையில் செயலாளர் இளவழகன் என் பக்கம் குனிந்தார்.

“தலைவரம்மா, நீங்க பேசாம உக்காந்திருங்க. உங்க ரெண்டு பேருக்கும்தான் பேச்சே இல்லையே. ஊருக்கே தெரியும். சொந்தம்னு யாரு கேக்கப் போறா?”

அவர் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. கையைத் தூக்கினால் போதும். தம்பிக்கு வீடு வரும். வீடு வந்தால் அவன் வருவான். புதுமனை புகும்போது பால் காய்ச்ச என்னைக் கூப்பிடுவான். இரண்டு நாள் தூக்கமில்லாமல் நான் இதைத்தான் நினைத்துக்கொண்டு கிடந்தேன். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். எனக்கு இரண்டும் ஆடியது. ஆனால் வேம்புவின் வீட்டுச் சுவரும் கண்ணுக்குள்ளேயே நின்றது.

மனுவைப் படித்ததும் நான் எழுந்தேன்.

“இளவழகன், எழுதிக்குங்க. மனுதாரர் அறிவுச்செல்வன் எனக்கு உடன்பிறந்த தம்பி. இதுல நான் கலந்துக்க மாட்டேன்.”

பதினோரு வருடத்தில் அவனை என் தம்பி என்று நாலு பேர் முன்னால் சொன்னது அதுதான் முதல் தடவை. வெளியே வந்து, கொட்டுகிற மழையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே ஓட்டு சமமானது. அந்த ஆறு பேரில் ஒருவரான துணைத் தலைவர் தங்கையன் என் இடத்தில் தலைமை ஏற்று, சமமானால் தலைமைக்கு உள்ள தீர்ப்பு ஓட்டை வேம்புவுக்குப் போட்டார்.

பங்குப் பகையை வஞ்சம் வைத்துத் தீர்த்துக்கொண்டாள் என்று சாயங்காலமே ஊர் பேசியது.

மூன்றாம் நாள் தம்பியே அலுவலகத்துக்கு வந்தான். உரச் சாக்கைத் தலையில் கவிழ்த்திருந்தான். என் பக்கம் திரும்பாமல் இளவழகனிடம் தீர்மானத்தைக் காட்டச் சொன்னான். அவர் நோட்டைத் திருப்பி வைத்தார். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தான். ஒரு இடத்தில் விரல் நின்றது. வெகுநேரம் நகரவில்லை.

“நான் தம்பியா இல்லாம இருந்தா, வீடு கெடச்சிருக்குமான்னு கேளுங்க” என்றான் அவரிடம்.

இளவழகன் என்னைப் பார்த்தார்.

“கெடச்சிருக்கலாம்” என்றேன்.

“பதினோரு வருஷமா நான் தம்பி இல்லன்னுதானே சொல்லிக்கிட்டிருக்கேன்.”

“நீ சொன்ன. நான் ஒரு நாளும் சொல்லலையே.”

அவன் முகம் கோணியது. சாக்கை உதறுகிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டான். வாசல்வரை போய், முதுகைக் காட்டியபடியே நின்றான்.

“மழை விட்டதும் வீட்டுக்கு வாக்கா. இப்ப வந்தா ஒனக்கு உக்கார எடமில்ல. எல்லாப் பக்கமும் ஒழுவுது.”

எதற்காகப் பதினோரு வருடம் ஏங்கினேனோ அது கிடைத்துவிட்டது. போய் உட்கார, நனையாத இடம் ஒன்றுகூட அந்த வீட்டில் இல்லை. அதற்கு நான்தான் காரணம். மாற்றிச் செய்திருப்பேனா என்றால், மாட்டேன்.

மழை விடும்வரை நான் காத்திருக்கவில்லை.