வடிதுளை

பால் ஓடிக்கொண்டிருக்கிறது, கப்பலின் இரும்புத் தளத்தில், தயிர்போலக் கெட்டியாக, ரத்தத்தோடு சேராமல் தனி வெள்ளையாக என் ரப்பர் பூட்ஸைச் சுற்றிக்கொண்டு, அடச்சே, திமிங்கிலத்தின் வயிற்றைக் கிழித்ததும் இப்படியா கொட்டும், நீளக் கத்தியை ஊன்றி நிற்கிறார் சந்தியாகு அத்தான், என் அக்காள் புருஷன், தூத்துக்குடியில் சும்மா கிடந்தவனை இந்தத் தென்கோடிப் பனிக்கடலுக்கு, திமிங்கிலம் அறுக்கிற வேலைக்குக் கூட்டிவந்த புண்ணியவான், ஏல மாப்ள, பால் குடுக்க தாய்ல இது, தொரை பாத்தாம்னா அம்புட்டுதான், சீக்கிரம் கழுவுல என்கிறார், துரை என்பவன் சட்டம் பார்க்க வந்த வெள்ளைக்கார அதிகாரி, சாப்பாட்டு மேசையில் தினமும் பாடம் எடுப்பான், அளவாகப் பிடித்தால் கடல் என்றைக்கும் தரும், பால்கொடுக்கும் தாயைத் தொடாதே, குட்டியைத் தொடாதே, எண்ணெயும் கிடைக்கும், திமிங்கிலமும் இருக்கும் என்பான், ஆமாமா, இவன் அப்பன் வீட்டு வாழத்தோப்பு பாரு, வெட்ட வெட்டத் தழைக்கதுக்கு என்று அத்தான் ரொட்டியைப் பிய்த்தபடி முனகுவார், அந்தத் துரை இதோ வந்துவிட்டான், பால் அவன் பூட்ஸையும் தொட்டுவிட்டது, குனிந்து பார்த்தான், பிறகு வானத்தைப் பார்த்தான், செத்தது செத்துவிட்டது, கழுவு என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டான்.

குழாயைத் திறந்து அடித்தேன், எல்லாம் கப்பல் ஓரத்து வடிதுளை வழியாகக் கடலுக்குப் போயிற்று, எட்டிப்பார்த்தால், ஐயோ மாதாவே, குட்டி, தாயைக் கட்டி இழுத்துவந்த வழியெல்லாம் பின்னாலேயே வந்திருக்கிறது, பால் விழுகிற இடத்தில் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது, துரையிடம் ஓடினேன், ஐயா, திமிங்கிலம் சுடுகிற பீரங்கிக்காரனிடம் சொல்லுங்கள், ஒரே வேட்டு, தாயில்லாமல் அது பட்டினியில் துடிதுடித்துச் சாகும் என்று கெஞ்சினேன், அவனுக்கு வந்ததே கோபம், குட்டியைச் சுடுவதா, சட்டம் என்னாவது, அதுதானே கடலின் நாளைய இருப்பு, நான் இருக்கிற கப்பலில் ஒரு குட்டியைக்கூடக் கொன்றதில்லை என்கிறான், படுபாவி, அத்தானைப் பிடித்து உலுக்கினேன், நான் என்னல செய்ய, தண்ணிய நிறுத்து, அது போயிரும் என்றார், நிறுத்தினேன், அது போகவில்லை, கன்று மடியை முட்டுவதுபோல வடிதுளைக்குக் கீழே முட்டியது, டொக், டொக், படுக்கையில் கிடந்தால் என் முதுகுக்கடியில் கேட்கும், நாளாக ஆக மெல்ல, இன்னும் மெல்ல, பிறகு ஒருநாள் கேட்கவே இல்லை, அன்றைக்கும் துரை மேசையில் கோப்பையைத் தூக்கி, குட்டிகள் பத்திரம் என்றான்.

பொங்கிருச்சு, பொங்கிருச்சு என்று கைதட்டுகிறார்கள், யார் இவர்கள், கப்பலை விட்டு வந்து எத்தனையோ வருஷமாயிற்று, இது என் மகள் பிலோமினாவின் புது வீடு, பால் காய்ச்சுகிற நாள், சம்பந்தி வீட்டார் புதுச் சேலைகளில் நிற்கிறார்கள், பால் அடுப்பிலிருந்து வழிந்து தரையில் ஓடிவருகிறது, என் காலைத் தொடுகிறது, வாளித் தண்ணீரை எப்போது எடுத்தேனோ தெரியவில்லை, ஊற்றிக் கழுவிக்கொண்டிருக்கிறேன், ஐயோ அப்பா, என்ன செய்யுதிய, பால் பொங்குத நேரத்துல என்று அலறுகிறாள் மகள், தொரை வாராம்மா என்கிறேன், சம்பந்தியம்மாள் வாயைப் பொத்திக்கொள்கிறாள், வெள்ளைத் தண்ணீர் சமையலறைத் துளைக்குள் இறங்குகிறது, நான் கொல்லைக்கு ஓடி, துரை பின்னாலேயே வந்துவிடாதபடி பின்கதவை வெளியே தாழிட்டேன், டொக், டொக், மகள் உள்ளேயிருந்து தட்டுகிறாள், அப்பா, தொறங்கப்பா, எல்லாரும் பாக்காங்க, நான் சுவரோரம் மண்டியிட்டு, தண்ணீர் வெளியே வருகிற குழாயின் வாயை உள்ளங்கையால் இறுக்கி அடைக்கிறேன், வெதுவெதுப்பாக வந்து கையில் முட்டுகிறது.