தேவகுமார் பார்த்த கொரியாப் படம்

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. நாகர்கோவிலில் மாதப் பத்திரிகை நடத்தும் கிருஷ்ணமணி உலக சினிமா மலர் போடுகிறார். ருஷ்யப் படங்களை ஒரு வக்கீல் எடுத்துக்கொண்டார், பிரெஞ்சுப் படங்களை ஒரு காலேஜ் வாத்தியார் எடுத்துக்கொண்டார். நான் போய்ச் சேர்ந்தபோது கொரியாதான் மிச்சம் கிடந்தது.

"ஓய் பொன்னுலிங்கம், கொரியாப் படங்களப் பத்தி உம்ம கருத்து. சமூகப் படத்திலேருந்து காதல் தமாஷ் வரைக்கும் எல்லாம் வரணும்," என்றார்.

"நான் ஒரு கொரியாப் படமும் பார்த்ததில்லையே?"

"நாட்டில எவன் பார்த்திருக்கான்? தப்புன்னு சொல்ல ஒருத்தனும் வரமாட்டான். தைரியமா எழுதும்."

வீட்டுக்கு வந்து தைரியமாக எழுதினேன்.

கொரியத் திரைப்படங்கள் மனித மனத்தின் ஆழத்தை

(நிறுத்திவிட்டேன். எத்தனை ஆழம் என்று எனக்கு எப்படித் தெரியும்?)

கொரியச் சமூகப் படங்களில் சமூகம் சற்றுத் தூக்கலாகவும், காதல் படங்களில்

(இதைக் கிருஷ்ணமணி அப்படியே அச்சுக்குக் கொடுத்துவிடுவார். அந்தப் பயத்தில்தான் கிழித்தேன்.)

2

நல்ல வேளை, ஒருத்தர் பார்த்திருந்தார். கொரியாவில் சண்டை நின்ற பிறகு கைதிகளைக் காவல் காக்க நம் பட்டாளம் கப்பலேறிப் போனதல்லவா? அதில் காயத்துக்கு மருந்து போடும் சிப்பாயாகப் போய், போன வருஷம் திரும்பியவர் தேவகுமார். ஊர், நெய்யூருக்கும் திருவட்டாற்றுக்கும் நடுவில் எங்கேயோ. ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன். ஏன் என்று போகப்போகத் தெரியும்.

சாயங்காலம் அந்த ஊர்ச் சாயாக்கடைக்குப் போனேன். தேவகுமாரைச் சுற்றி ஒரு கூட்டம். முக்கால்வாசிப் பேர் மிஷன் சபைக்காரர்கள். அந்தச் சபையில் சினிமா பார்ப்பது பாவம். பார்த்தவருக்குக் கோயிலில் அப்பமும் ரசமும் தருகிற ராப்போஜனம் கிடையாது, கோயிலில் கலியாணமும் கிடையாது. ஆனால் பார்த்தவர் சொல்லக் கேட்பது பாவமா என்று யாரும் போய்க் கேட்டு வைக்கவில்லை. கேட்டால் இல்லாத சட்டம் உண்டாகிவிடும் அல்லவா? அந்தச் சந்து வழியாகத்தான் கொரியா சினிமா எங்கள் பக்கத்துக்குள் நுழைந்தது. கூட்டமும் வெளியே மூச்சு விடவில்லை.

"மக்கா, அந்தப் பழைய அழுகைப் படத்தச் சொல்லு. அண்ணாச்சி கேக்கட்டும்," என்றார் கடைக்காரர் சிலுவை.

தேவகுமார் சொன்னார். குண்டு விழுந்து பாழான ஊர். கூடாரத்தில் ஓர் ஆஸ்பத்திரி. ஒரு சிப்பாய் தினமும் கையில் கட்டோடு வருகிறான். நர்ஸு அவிழ்க்கிறாள், பார்க்கிறாள், மறுபடி கட்டுகிறாள். மழை பெய்கிறது, பனி பெய்கிறது, அவன் வந்துகொண்டே இருக்கிறான். புண் ஆறவே இல்லை. சிலுவை சாயாவுக்குச் சீனி போட மறந்து நின்றார்.

மறுநாள் புதுப் படம். இதிலும் கை, இதிலும் கட்டு, இதிலும் நர்ஸு. ஆனால் புண் எப்போதோ ஆறிவிட்டது. அவன் சும்மா வருகிறான். அவளுக்கும் தெரியும், சும்மா கட்டுகிறாள். கட்டு நாளுக்கு நாள் பெரிதாகி, கடைசியில் தலையணை மாதிரி ஆகிவிட்டது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. சமூகப் படம் ஒன்று, காதல் தமாஷ் ஒன்று. என் கட்டுரை முடிந்தது.*

(* என் கருத்துகள், கிருஷ்ணமணி கேட்டதால்: கொரியச் சமூகப் படத்தில் துக்கப்படுகிறவள் நடுவில் எழுந்து பாட்டுப் பாடுவதில்லை. நல்ல பழக்கம். காதல் படத்தில் காதலிப்பதாக இரண்டு பேரும் ஒரு தடவைகூட வாயைத் திறந்து சொல்வதில்லை. நம் ஆட்களாக இருந்தால் முதல் ரீலிலேயே மரத்தைச் சுற்றிச் சொல்லி முடித்து, மிச்ச ரீல்களை என்ன செய்வது என்று முழிப்பார்கள். இன்னொன்றும் கேட்டேன். "தேவகுமார், ரெண்டு படத்திலும் ஒரே நடிகையா?" அவர் சாயாவை ஊதி ஊதிக் குடித்தார்.)

3

இனி பூங்கனியைக் கொண்டுவர வேண்டும். எப்படி என்றுதான் தெரியவில்லை.

பூங்கனி வெண்ணிற உடையில் ஒரு தேவதையைப்

(வேண்டாம். இதைப் படித்தால் அவளே வந்து என் கையில் கட்டுப் போடும்படி ஏதாவது செய்துவிட்டுப் போவாள்.)

சாதாரணமாகவே சொல்கிறேன். பூங்கனி அந்த ஊரின் சின்ன டிஸ்பென்சரியில் நர்ஸு. சபையை நடத்தும் உபதேசியார் ஞானதாசனின் ஒரே மகள். கொரியாவில் ஒரு கீறல்கூடப் படாமல் வந்த தேவகுமாருக்கு, வந்த பிறகு வீட்டில் தேங்காய் உரிக்கும்போது பாரையில் உள்ளங்கை கிழிந்தது. பூங்கனி மருந்து போட்டாள். இரண்டு வீட்டாரும் பேசினார்கள். கலியாணம் நிச்சயமாயிற்று. கோயிலில் மூன்று ஞாயிறு கலியாண அறிக்கை வாசிக்க வேண்டும், யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் எழுந்து சொல்லலாம். இரண்டு ஞாயிறு முடிந்தது, யாரும் எழவில்லை.

அந்த நேரம் பார்த்து நான் கையில் பேனாவோடு போய்ச் சேர்ந்தேன். பட்டணத்திலிருந்து ஓர் ஆள் வந்து தேவகுமாரிடம் சினிமாக் கதை கேட்டு எழுதிக்கொண்டு போகிறான் என்ற செய்தி உபதேசியார் காதுக்குப் போயிற்று.

4

சபைக் கமிட்டி கூடியது. என்னையும் கூப்பிட்டார்கள். நான் சபைக்காரன் அல்ல, ஆனாலும் போனேன். கதை எழுதுகிறவன் இப்படி ஒரு கூட்டத்தை விடுவானா?

"நீ படம் பார்த்தியா, இல்ல உண்டாக்கிச் சொன்னியா?" என்று கேட்டார் உபதேசியார்.

தேவகுமார் தலை குனிந்து நின்றார். பார்த்தேன் என்றால் கலியாணம் இல்லை. உண்டாக்கினேன் என்றால் ஊர் முன்னால் பொய்யன். சாயாக்கடையில் அழுதவர்களில் பாதிப் பேர் கமிட்டியிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

"பாவமுள்ள கதையா இல்லையான்னு முதல்ல தெரியாண்டாமா? சொல்லச் சொல்லுங்க," என்றார் யூஜின் வாத்தியார். இவர் இரண்டு படத்தையும் முன்பே கேட்டவர்.

தேவகுமார் சொன்னார், தமாஷ் படத்தை. கட்டு தலையணை ஆகிற இடத்தில் உபதேசியார் சிரித்துவிட்டார். உடனே அதை இருமலாக மாற்றினார். பக்கத்தில் இருந்த நான் பார்த்தேன். இருமி முடித்து, மெதுவாக, "பெறவு?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் வருமுன் கோயில் மணி அடித்துவிட்டது. எல்லோரும் ஜெபத்துக்கு எழுந்தார்கள்.

முடிவு என்ன என்று தெரியாமல் கலைய வேண்டியதாயிற்று. (எங்கள் தாலூக்காக்கள் திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் இருப்பதா தமிழ்நாட்டில் சேர்வதா என்பதே இன்னும் தீர்மானமாகவில்லை. முடிவு தெரியாமல் இருக்க எங்களுக்கு நல்ல பழக்கம்.) போகும்போது உபதேசியார் ஒன்று சொன்னார்.

"பொன்னுலிங்கம் எழுதுறாரில்லியா? பார்த்தான்னு வந்தா பார்த்தது. உண்டாக்கினான்னு வந்தா உண்டாக்கினது. அச்சில வரட்டும்."

எல்லோரும் ஆமோதித்தார்கள். சிரிக்காதீர்கள். அந்த வீடுகளில் அச்சான பொருள் என்றால் வேதபுத்தகம், பாட்டுப் புத்தகம், சுவரில் காலண்டர். மூன்றும் பொய் சொல்லாதவை. நாலாவதாக என்னையும் கிருஷ்ணமணியையும் சேர்த்துவிட்டார்கள். கிருஷ்ணமணியிடம் சொன்னபோது அவருக்கே வியர்த்துவிட்டது.

மலர் வெளிவருவது சனிக்கிழமை. கடைசி அறிக்கை மறுநாள் ஞாயிறு.

5

தேவகுமார் என் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணாச்சி, படம் ஒண்ணுதான்," என்றார். "அங்க காம்பில கெட்டின திரைத்துணிக்குப் பின்னால நின்னு பாத்தேன். முன்னால கொரியாக்காரங்க இருந்தாவ. எனக்குப் பாஷை தெரியாது. ஒருத்தன் கையில கெட்டோட வாறான், அவ அவுத்துப் பாத்துட்டு திரும்பக் கெட்டுதா. முன்னால இருந்தவங்க சிரிச்சாவ. எனக்கு மனசிலாவல்ல. புண்ணு ஆறாதவனப் பாத்து என்னத்துக்குச் சிரிக்கியான்னு கோவம் வந்துது. ஊருக்கு வந்து அழுகைப் படம்னுதான் சொன்னேன்."

"பெறவு?" என்றேன். உபதேசியாரின் நோய் எனக்கும் தொற்றிவிட்டது.

"பெறவு எனக்க கை கிழிஞ்சுது. ஆறிச்சு. ஆறின பெறவும் போனேன். பூங்கனி அவுத்துப் பாத்தா. ஒண்ணும் சொல்லல்ல. புதுத் துணி எடுத்துக் கெட்டினா. அப்பதான் அந்தக் கொரியாக்காரங்க என்னத்துக்குச் சிரிச்சாவன்னு எனக்கு மனசிலாச்சு."

கொரியாப் படங்களைப் பற்றி ஒழுங்கான கருத்துச் சொன்ன ஒரே ஆள் இவர்தான். நான் என் கட்டுரையைக் கிழித்துப் போட்டேன்.

6

முடிவுகள் வருமாறு.

முதல் முடிவு: 'பார்த்தார்' என்று எழுதுவது. கலியாணம் நின்றுவிடும். தேவகுமார் உடைந்துபோவார்.

இரண்டாம் முடிவு: 'எல்லாம் கட்டுக்கதை' என்று எழுதுவது. கலியாணம் நடக்கும். மாப்பிள்ளை வாழ்நாள் முழுக்கப் பொய்யன் என்ற பெயரோடு சாயாக்கடையைத் தாண்டிப் போவார்.

மூன்றாம் முடிவு: தேவகுமார் என்று ஓர் ஆளே இல்லை, அவர் என் கற்பனை

(இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். பூங்கனி. கற்பனையின் வருங்கால மனைவி நேரில் வந்து நிற்கும்போது அந்த முடிவை எப்படி எழுதுவது?)

உட்காரக்கூட இல்லை. "அண்ணாச்சி, ஒண்ணு கேக்கணும். படத்தில பாத்துட்டு வந்து, அதுமாதிரி எனக்கிட்ட நடிச்சாரா?"

டிஸ்பென்சரிக்கு வருகிறவர்கள் தமாஷ் படத்தைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். கேட்ட நாள் முதல் அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. தேவகுமார் சொன்னது முழுவதையும் அவளிடம் சொன்னேன்.

"அப்ப நான் கெட்டுப் போட்ட பெறவுதான் அவருக்குப் படமே மனசிலாச்சா?"

"ஆமா."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முகத்தில் ஒரு சிரிப்பும் இருந்தது. "உள்ளத எழுதுங்க, அண்ணாச்சி."

"உங்க அப்பா நிறுத்திருவாவளே."

"நிறுத்தினா எனக்குத் தாங்காது. அவரில்லாம எனக்கு முடியாது. ஆனாலும் அவரு பொய்யன்னு பேரு வாங்கி நான் கலியாணம் கெட்டமாட்டேன். நான் செஞ்சதையும் எழுதுங்க. ஆறின புண்ணுன்னு தெரிஞ்சே கெட்டுப் போட்டவ நான். அப்பா விசாரிக்கதா இருந்தா எனக்கிட்டயும் விசாரிக்கட்டும்."

அவள் போன பிறகு, மேலே நீங்கள் படித்த ஆறு பகுதிகளையும் ஒரே மூச்சில் எழுதினேன்.

7

வாசகர்கள் இனி எழுந்து போகலாம். மிச்சம் ஒரே ஒருவருக்கு.

ஞானதாசன் உபதேசியாரே, வணக்கம். மலர் உங்கள் கைக்கு வந்துவிட்டது, இதுவரை வாசித்தும் விட்டீர்கள். கண்ணாடியைக் கழற்ற வேண்டாம், இன்னும் கொஞ்சம்தான். அச்சில் வருவதை ஏற்கிறோம் என்றீர்கள். வந்துவிட்டது. தேவகுமார் படம் பார்த்தார். ஒரே ஒரு படம், அதுவும் துணிக்குப் பின்னால் நின்று. அதன் கதையை இங்கே வந்துதான் கண்டுபிடித்தார். கண்டுபிடிக்க உதவியது உங்கள் மகள்.

நாளைக் காலை அறிக்கையை நீங்கள்தான் வாசிக்க வேண்டும். "ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்லலாம்" என்று வாசித்துவிட்டு நிறுத்துவீர்கள். சபையில் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள், அதற்கு நான் பொறுப்பு. யாராவது ஆட்சேபிப்பதாக இருந்தால் அது நீங்கள்தான். தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் இன்ன பாவம் என்று சபைக்கு விளக்க வேண்டும். அந்தச் சிப்பாய் என்ன செய்தான், நர்ஸு என்ன செய்தாள், கட்டு எப்படித் தலையணை ஆயிற்று, எல்லாம் பிரசங்க பீடத்தில் நின்று முதலிலிருந்து சொல்ல வேண்டும். சொல்லும்போது சிரிக்கக் கூடாது.

சொல்லிவிட்டு, அந்த நர்ஸு யார் என்றும் நீங்களே சொல்ல வேண்டும். அவள் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருப்பாள், தலையை நிமிர்த்தி.

அன்றைக்கு மணி அடித்ததால் பதில் கிடைக்காமல் போன உங்கள் "பெறவு?" எனக்கு நினைவிருக்கிறது. எனக்குத் தெரியாது, ஐயா. தேவகுமாருக்கும் தெரியாது. படம் முடியும் முன்பே அவருக்கு ஆஸ்பத்திரியில் முறை மாறும் நேரம் வந்து கூப்பிட்டுவிட்டார்கள். பெறவு என்ன என்று இனி நீங்கள்தான் எங்களுக்குச் சொல்ல வேண்டும்.