ஆறில் மூன்று

லிஃப்ட் மெக்கானிக் ஓய்வு பெற்றபோது, அவருக்கும் மனைவிக்குமாக முதுமைப் பராமரிப்புக் காப்பீடுகள் இரண்டு இருந்தன. ஓய்வூதியத்தில் இரண்டுக்கும் தவணை கட்ட வழியில்லை. தன்னுடையதை விட்டுவிட்டு மனைவியுடையதை வைத்துக்கொண்டார்.

"உனக்கு ஆயுசு கெட்டி. நான் பொட்டுன்னு போயிடுவேன்," என்றார்.

கணக்கு டீச்சரான மனைவி சிரிக்கவில்லை.

எட்டு வருடம் கழித்து டீச்சருக்கு மறதி நோய் வந்து முற்றியது. குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது என்று ஆறு அன்றாட வேலைகளில் மூன்றைத் தானாகச் செய்ய முடியாதவர்களுக்குத்தான் பணம் கிடைக்கும். டீச்சருக்கு ஆறுமே போய்விட்டது. எல்லாம் மெக்கானிக் கைதான்.

மனு போட்டதும், சோதிக்கக் காப்பீட்டுக் கம்பெனி அதிகாரி வந்தாள், கையில் கோப்போடு. அவளைக் கண்டதும் டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கழன்றிருந்த பொத்தான்களைத் தானே போட்டுக்கொண்டார். பிஸ்கட்டை எடுத்து, சிந்தாமல் தின்றார்.

"உக்காரும்மா. டீ குடிக்கிறியா?"

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு கேட்ட அந்தக் குரலில் மெக்கானிக்குக்குக் கண் கலங்கியது. அடுத்த நொடியே அதிகாரியின் கோப்பைப் பார்த்தார்.

"இன்னிக்கு மட்டும்தாங்க இப்படி. நம்புங்க."

"நான் பாக்கறதத்தானே சார் எழுத முடியும்? ஆறு மாசம் கழிச்சு மறுபடி மனு போடுங்க."

அவள் படி இறங்குவதற்குள் டீச்சர் நாற்காலியை நனைத்துவிட்டார். "யாருங்க அந்தப் பொண்ணு? நல்லா படிக்குமா?" என்று கேட்டார்.

மெக்கானிக் துணி எடுக்கப் போனார்.

நாலாவது மாதம், குளியலறையில் டீச்சரைத் தூக்கும்போது மெக்கானிக் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. மகன் வந்து கதவை உடைக்கும்வரை இருவரும் ஈரத் தரையில் கிடந்தார்கள்.

இரண்டாவது மனு தேறியது. டீச்சர் ஒரு பராமரிப்பு இல்லத்துக்குப் போனார். மெக்கானிக்கின் சிகிச்சைக்கு வீடு விற்கப்பட்டது. நடக்க முடியாத அவருக்கு மகன் வீட்டுக் கூடத்தில் ஒரு கட்டில் போட்டார்கள். இல்லத்தில் இன்னொரு இடத்துக்குப் பணம் கட்ட யாராலும் முடியவில்லை.

வாரம் ஒருமுறை போனில் இல்லத்து ஆயாவிடம் பேசுவார்.

"தண்ணிய எடுத்ததும் தலையில ஊத்தாதீங்கம்மா, பயந்துடுவா. மொதல்ல கால்ல ஊத்துங்க."

"சரிங்கய்யா."

ஒரு காலையில் பதினெட்டுப் பேரைக் குளிப்பாட்ட வேண்டியவள் அவள். அது அவருக்கும் தெரியும். அடுத்த வாரமும் அதையே சொன்னார்.